அது ஏலம் அல்ல, ஆள் பிரிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பத்தொரு வருடம் பள்ளி உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிப்ரவரி மாதத்திலிருந்து அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்து டர்ஹம் ஊரில், மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே வந்த பிறகும் காலைக் காபியோடு உங்கள் இ-பேப்பரைத் திறந்தால்தான் பொழுது விடிந்த மாதிரி இருக்கிறது. மாணவனின் கட்டுரையைத் திருத்துவது போல பேப்பரைத் திருத்துவதும் பழைய வழக்கம். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

ஜூன் கடைசியில் விளையாட்டுப் பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். அமெரிக்கக் கூடைப்பந்து ஏலத்தில் 18 வயது கூப்பர் ஃப்ளாக்கை டல்லாஸ் அணி வாங்கியது, கல்லூரிப் போட்டிகளில் அதிகப் புள்ளி எடுத்ததால் அவருக்கு முதலிடம், என்று நாலே வரி. கூடைப்பந்துக்கு நாலு வரி கிடைத்ததே பெரிது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த நாலு வரியில் இரண்டு தப்பு இருக்கிறது. முதல் தப்பைச் சொல்லி முடித்துவிடலாம். இரண்டாவதுதான் என் தொழில் சம்பந்தப்பட்டது, அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும். கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐ.பி.எல்.லில் நடப்பது ஏலம். சுத்தியல் இருக்கும், கோடி ஏறும். புரோ கபடியிலும் அப்படித்தான். நம் டி.என்.பி.எல். கூட 2023ல்தான் ஏலத்துக்கு மாறியது, அதுவரை அங்கேயும் டிராஃப்ட், அதாவது முறை வைத்து ஆள் எடுப்பதுதான். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் டிராஃப்டில் யாரும் யாருக்கும் விலை கேட்பதில்லை. தெருவில் பையன்கள் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஆள் பிரிப்பார்களே, "எனக்கு இவன், உனக்கு அவன்" என்று, அதுதான் இது. ஒரே வித்தியாசம், போன வருடம் மோசமாகத் தோற்ற அணிக்கு முன்னால் கூப்பிடும் வாய்ப்பு. மொத்தம் இரண்டு சுற்று, 30 அணி, 60 பேர். இந்த வருடம் 59 பேர்தான். நியூயார்க் அணி ஜேலன் பிரன்சனைச் சேர்த்த விதத்தில் விதி மீறியதாக ஒரு இடத்தைப் பறித்துவிட்டார்கள். அந்த பிரன்சனே 2018ல் 33வது ஆளாகக் கூப்பிடப்பட்டவர் என்பது வேடிக்கை. வில்லனோவா கல்லூரிக்காக இரண்டு முறை தேசியக் கோப்பை ஜெயித்தவரை 32 பேருக்குப் பிறகுதான் கூப்பிட்டார்கள். இன்று அந்த அணியே அவரை நம்பித்தான் இருக்கிறது.

கடைசி இடத்துக்கு முதல் ஆள் என்று வைத்துவிட்டால் எல்லோரும் வேண்டுமென்றே தோற்பார்கள் அல்லவா? அதற்காகக் குலுக்கல் வைத்திருக்கிறார்கள். இயந்திரத்துக்குள் 14 பந்து, அதில் நாலு எடுப்பார்கள். பிளஸ் டூ கணக்கு படித்தவர்கள் போட்டுப் பார்த்தால் 1001 சேர்க்கை வரும். ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதி 1000ஐ அணிகளுக்குப் பங்கு பிரிக்கிறார்கள். மிகவும் கீழே இருந்த மூன்று அணிகளுக்குத் தலா 140. டல்லாஸுக்கு வெறும் 18. அந்தப் பதினெட்டில் ஒன்று விழுந்து முதல் இடம் கிடைத்துவிட்டது! எங்கள் மாநிலத்து சார்லட் அணிக்கு 140 சேர்க்கை இருந்தும் நாலாவது இடம்தான் கிடைத்தது. என் மருமகன் சார்லட் ரசிகர். அன்று ராத்திரி அவர் தோசை வேண்டாம் என்று எழுந்து போனதை இந்த வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

சம்பளமும் அட்டவணையில் முன்பே எழுதியிருக்கிறது. எந்த எண்ணில் கூப்பிட்டார்களோ அந்த எண்ணுக்கான தொகை. அதில் 120 சதவீதம் வரை கொடுக்கலாம், அநேகமாக எல்லோரும் அந்த 120ஐத்தான் கொடுக்கிறார்கள். முதல் ஆளுக்கு முதல் வருடம் ஏறக்குறைய 1 கோடியே 38 லட்சம் டாலர். முதல் சுற்றில் வருபவனுக்கு இரண்டு வருடம் நிச்சயம், அடுத்த இரண்டு வருடம் அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் எந்த உத்தரவாதமும் இல்லை. ஆக, பணத்தைக் கொட்டி நல்ல ஆளைத் தூக்கும் வழி இங்கே அடைபட்டிருக்கிறது. மீதி இருப்பது கண் மட்டும். யாரைக் கூப்பிடுவது என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி இரண்டாவது தப்பு. "அதிகப் புள்ளி எடுத்ததால் முதலிடம்."

டியூக் கல்லூரி நான் உட்கார்ந்திருக்கும் இந்த வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரம். அங்கே ஃப்ளாக் எடுத்த சராசரி, ஆட்டத்துக்கு 19.2 புள்ளி. நாட்டிலேயே அதிகம் எடுத்தவர் அவர் இல்லை. அது வில்லனோவாவின் எரிக் டிக்சன், சராசரி 23.3. அந்த டிக்சனை 59 பேரில் ஒருவராகக்கூட யாரும் கூப்பிடவில்லை. ஆபர்ன் கல்லூரியின் ஜானி புரூம் 18.6 எடுத்தார், கூடவே ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல் ரீபவுண்டு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது. ஃப்ளாக்குக்கும் அவருக்கும் புள்ளியில் அரைப் புள்ளிதான் வித்தியாசம். ஃப்ளாக் முதல் ஆள், புரூம் 35வது ஆள். புள்ளிதான் அளவுகோல் என்றால் இதை எப்படி விளக்குவீர்கள்?

வயதை வைத்து விளக்கலாம். டிராஃப்ட் நடந்த அன்று ஃப்ளாக்குக்கு பதினெட்டரை. புரூமுக்கு 23 ஆகப் போகிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் பன்னிரண்டாம் வகுப்புப் பையனோடு மோதி அவனுக்குச் சமமாக ரீபவுண்டு எடுத்தால் எந்தப் பி.டி. மாஸ்டரும் ஒன்பதாம் வகுப்பு ரிஜிஸ்டரைத்தான் புரட்டுவார். 17 வயதுக்குட்பட்டோர் போட்டிக்கு மீசை வைத்த "பையன்களை" இறக்கிக் கோப்பை தூக்கிய பள்ளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோப்பையால் அந்தப் பையன்களுக்கு என்ன பிரயோஜனம் ஆனது என்றும் பார்த்திருக்கிறேன். இங்கே யாரும் சான்றிதழைத் திருத்துவதில்லை. நாலு வருடம், ஐந்து வருடம் கல்லூரியிலேயே இருந்து வளர்ந்தவன், நேற்று பள்ளி முடித்து வந்தவனைத் தோளால் தள்ளி எடுக்கிற புள்ளி நேர்மையான புள்ளிதான். ஆனால் தள்ளப்படுகிறவனும் நாளைக்கு 23 ஆவான். அதோடு ஃப்ளாக் தன் அணியில் புள்ளி, ரீபவுண்டு, அசிஸ்ட் (கூடை விழ வைக்கும் பாஸ்), பந்தைப் பறிப்பது, எதிராளியின் ஷாட்டை பிளாக் செய்வது என்று ஐந்திலும் முதலாவதாக இருந்தார். உங்கள் நாலு வரியில் போட வேண்டியது அதுதான்.

வயதை மட்டும் பிடித்துத் தொங்கினாலும் ஏமாந்து போவோம், அதையும் சொல்லிவிடுகிறேன். 2012ல் டிரேமண்ட் கிரீனை 34 பேருக்குப் பிறகு எடுத்தார்கள். மிச்சிகன் ஸ்டேட்டில் நாலு வருடம் ஆடியவர், உயரமும் போதாது, வேகமும் போதாது என்றார்கள். அவரை எடுத்த கோல்டன் ஸ்டேட் அணி 2015 முதல் 2022 வரை ஜெயித்த நாலு கோப்பையிலும் அவர் இருந்தார்.

உயரத்துக்கு வருகிறேன். ஏஸ் பெய்லி என்று ஒரு பையன், ரட்கர்ஸ் கல்லூரி. அவனுடைய உயரம் 6 அடி 10 அங்குலம் என்று சீசன் முழுக்க எழுதினார்கள், டி.வி.யில் சொன்னார்கள். மே மாதம் சிகாகோவில் எல்லோரையும் ஷூ இல்லாமல் நிறுத்தி அளக்கும் முகாம் உண்டு. அங்கே 6 அடி ஏழரை அங்குலம்தான் தேறியது. இரண்டரை அங்குலம் எங்கே போனது? நம் ஊரில் பெண் பார்க்கும் இடத்தில் மாப்பிள்ளையின் உயரம் கூடுவது போல இங்கே கல்லூரிப் பதிவேட்டில் கூடுகிறது. அந்த முகாமில் நின்ற உயரத்தைவிட முக்கியமாகப் பார்ப்பது இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை எவ்வளவு என்பதை. பந்தைத் தடுப்பது கைதானே, தலை இல்லையே. அளந்த பிறகும் பெய்லியை ஐந்தாவது ஆளாக எடுத்தார்கள். அதே ரட்கர்ஸின் டிலன் ஹார்ப்பர் இரண்டாவது ஆள். முதல் ஐந்தில் இரண்டு பேரை வைத்திருந்த அந்தக் கல்லூரி அணி சீசன் முழுவதும் 15 வெற்றி, 17 தோல்வி. நல்ல ஆள் இருந்தால் அணி ஜெயிக்கும் என்பதும், ஜெயிக்கும் அணியில்தான் நல்ல ஆள் இருப்பான் என்பதும் இந்த ஒரு வரியிலேயே அடிபட்டுப் போகிறது.

அளவுகோலையே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2007 இருக்கிறது. டெக்சாஸ் கல்லூரி கெவின் டுராண்ட் 185 பவுண்டு, நம் கணக்கில் 84 கிலோ, எடையை ஒரு தடவைகூட மேலே தூக்க முடியாமல் விட்டார். அந்த வருடம் போர்ட்லண்ட் அணி முதல் ஆளாக எடுத்தது கிரெக் ஓடனை. ஓடன் 7 அடி, மலை மாதிரி. முழங்கால் அவரைக் கைவிட்டது, பாவம், மொத்தம் 105 ஆட்டம்தான் ஆட முடிந்தது. எடை தூக்க முடியாத டுராண்ட் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். ஓடனை எடுத்தது முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அவரைத்தான் எடுத்திருப்பேன். அந்தக் காலத்தில் நடுவில் நிற்க உயரமான ஆள் கிடைத்தால் யாரும் விடமாட்டார்கள்.

இப்போது நான் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். டர்ஹமில் டியூக் தவிர இன்னொரு கல்லூரி இருக்கிறது, நார்த் கரோலினா சென்ட்ரல். டியூக் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைப்பது திருப்பதி தரிசனம் மாதிரி. சென்ட்ரலில் நிம்மதியாக உட்கார்ந்து பார்க்கலாம். அந்த அரங்கத்தின் பெயரில் ஜான் மெக்லெண்டன் இருக்கிறார். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடமே கான்சாஸில் படித்தவர். கறுப்பர் என்பதால் அங்கே கல்லூரி அணியில் ஆட விடவில்லை. பிறகு இந்தக் கல்லூரிக்குப் பயிற்சியாளராக வந்து, 1944ல் டியூக் மருத்துவக் கல்லூரி வெள்ளைக்கார மாணவர்களோடு கதவைப் பூட்டிக்கொண்டு ரகசியமாக ஒரு ஆட்டம் ஆட வைத்தார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடக்கூடாத காலம் அது, வெளியே தெரிந்தால் ஆபத்து. அந்தப் பெயர் எழுதிய வாசல் வழியாக நுழையும்போது எனக்குச் செருப்பைக் கழற்றத் தோன்றும். சரி, அது தனிக் கடிதம்.

மார்ச் முதல் வாரம், என் பேத்தியை அழைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்தேன். பேத்திக்கு 12 வயது, பள்ளி அணியில் ஆடுகிறாள். ஆட்டத்தைவிட அதற்கு முந்தைய வார்ம்-அப்தான் எனக்கு வேண்டியது. ஆளுக்கு ஒரு பையனைப் பிரித்துக்கொண்டோம். பெயர் வேண்டாம், இரண்டு பேரும் மூலையிலிருந்து, தூரத்துக் கோட்டுக்கு வெளியே நின்று அடிக்கும் மூன்று புள்ளி ஷாட் பழகிக்கொண்டிருந்தார்கள். 40 பக்க நோட்டில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு குறி. விழுந்தால் ஒரு பொட்டு. விழாவிட்டால் அம்புக்குறி. வளையத்துக்கு முன்னாலேயே செத்தால் கீழே பார்த்த அம்பு, தாண்டிப் போய்ப் பின்னால் பட்டால் மேலே பார்த்த அம்பு, பக்கவாட்டில் போனால் இடம் அல்லது வலம். 50 ஷாட் ஆனதும் நோட்டை ஒப்பிட்டோம்.

"தாத்தா, என் ஆள் 31. உங்க ஆள் 29தான். நான் ஜெயிச்சேன்."

"அம்பைப் பாரு கண்ணு."

அவளுடைய ஆளுக்கு 19 தவறியதில் 13 பக்கவாட்டு. என் ஆளுக்கு 21 தவறியதில் பக்கவாட்டு நாலு, மற்றதெல்லாம் முன்னே பின்னே. முன்னே பின்னே போவது தூரக் கணக்கு. காலில் வலு வந்தால், கொஞ்சம் பழகினால் சரியாகிவிடும். பந்து பக்கவாட்டில் போகிறது என்றால் முழங்கை வளையத்தைப் பார்க்கவில்லை, அல்லது கடைசி நொடியில் மணிக்கட்டு திரும்புகிறது என்று அர்த்தம். 20 வயதில் அதைத் திருத்துவது தென்னை மரத்தை நிமிர்த்துகிற வேலை. இதையெல்லாம் அவளுக்கு விளக்கிச் சொல்லி முடித்தேன். ஆட்டம் தொடங்கியது. என் ஆள் 6 புள்ளி, அவள் ஆள் 14. திரும்பி வரும் வழியெல்லாம் கேலிதான்.

ஆனாலும் நான் விடவில்லை. ஏனென்றால் கணக்கு என் பக்கம். ஒரு கல்லூரி சீசனில் ஒருவன் 150 தடவை மூன்று புள்ளிக்கு அடிப்பான் என்று வையுங்கள். நூற்றுக்கு 40 விழுகிறவன் நல்ல ஷூட்டர், 35 விழுகிறவன் சுமார் என்பார்கள். 150ல் அந்த வித்தியாசம் ஏழெட்டு ஷாட். ஏழெட்டு ஷாட் என்பது தூக்கம், வளையத்தில் பட்டு உள்ளே விழுந்த அதிர்ஷ்டம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், எதிரணி ஃபவுல் செய்தால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவைப் பார்க்கிறார்கள். 15 அடி தூரம், எதிரே யாரும் கை தூக்குவதில்லை, அவசரம் இல்லை. கல்லூரியிலும் அதே கோடு, என்.பி.ஏ.விலும் அதே கோடு. மூன்று புள்ளிக் கோடு அப்படி இல்லை. கல்லூரியில் 22 அடிக்கு இரண்டு அங்குலம் கூட, என்.பி.ஏ.வில் நடுவிலிருந்து 23 அடி 9 அங்குலம். பையன் மாறாவிட்டாலும் கோடு பின்னால் போய்விடுகிறது. ஃப்ரீ த்ரோவில் கைக்கு எந்தச் சாக்கும் கிடையாது, உள்ளதைக் காட்டிவிடும்.

சார்லட் அணி இந்த வருடம் நாலாவது ஆளாகக் கூப்பிட்டது டியூக்கின் கான் நூப்பெலை. சராசரி 14.4 புள்ளிதான். கால் மெதுவு, குதிப்பதும் பெரிதாக இல்லை, கை நீளமும் சாதாரணம் என்று மருமகன் புலம்பினார். நான் ஒரே ஒரு எண்ணைக் காட்டினேன். ஃப்ரீ த்ரோ நூற்றுக்கு 91. மூன்று புள்ளியும் நாற்பதுக்கு மேல். இந்தப் பையனுக்குப் பக்கவாட்டு அம்பு போட நான் நோட்டைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது என்றேன். பார்க்கலாம்.

மருமகன் புலம்புவதிலும் நியாயம் உண்டு. இந்த சார்லட் அணி ஆள் பார்த்த கதை அப்படி. 2006ல் மூன்றாவது ஆளாக ஆடம் மாரிசனை எடுத்தார்கள். கொன்சாகா கல்லூரி, அந்த வருடம் நாட்டிலேயே அதிகப் புள்ளி, சராசரி 28.1. உங்கள் பெட்டிச் செய்தியின் கணக்குப்படி தங்கம். என்.பி.ஏ.வில் முதல் வருடம் அடித்ததில் நூற்றுக்கு 38கூட விழவில்லை. இரண்டாவது வருடம் முழங்கால். அதே டிராஃப்டில் கென்டக்கியின் ராஜான் ராண்டோ 21வது ஆள். கல்லூரியில் சராசரி 11 புள்ளி. பந்தைக் கையில் கொடுத்தால் நாலு பேருக்கு வேலை கொடுப்பார். இரண்டு கோப்பை ஜெயித்தார். 2006ல் சார்லட்டுக்காக ஆள் பார்க்கும் பொறுப்பை அப்போதுதான் ஏற்றிருந்தவர் யார் தெரியுமா? மைக்கேல் ஜோர்டான். பள்ளியில் படிக்கும்போது தன்னைவிட உயரமான பையனுக்காகப் பெரிய அணியிலிருந்து ஒதுக்கப்பட்டவர். 1984 டிராஃப்டில் உயரமான சாம் பௌவீக்குப் பிறகு மூன்றாவதாகக் கூப்பிடப்பட்டவர். தப்பான கண்ணால் அளக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாததா? இருந்தும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அவரும் 28 புள்ளியைத்தான் பார்த்தார்.

2012ல் சார்லட் அணியினர் 66 ஆட்டத்தில் ஏழே ஏழு ஜெயித்து, வரலாற்றிலேயே மோசமான விகிதம் என்று பெயர் வாங்கினார்கள். அப்போதும் குலுக்கலில் இரண்டாவது இடம்தான். எடுத்தது மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட். ஓடுவார், முட்டுவார், டிஃபென்ஸ் பிரமாதம். ஆனால் ஷாட் எடுக்கும்போது பந்து மேலே போகிற வழியில் முழங்கை கோணிக்கொள்ளும். டி.வி.யில் பார்த்தாலே தெரியும். திருத்திவிடலாம் என்று நினைத்தார்கள். முடியவில்லை. வீபர் ஸ்டேட் என்ற பெயர் தெரியாத கல்லூரியின் டேமியன் லில்லார்டு, பின்னாளில் பெரிய நட்சத்திரம், ஆறாவது ஆளாகப் போனார்.

இதற்கெல்லாம் மேலே 2018. பதினோராவது ஆளாக ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரை சார்லட் கூப்பிட்டே விட்டது! கூப்பிட்ட அதே ராத்திரி அவரைக் கொடுத்து, பன்னிரண்டாவது ஆளையும் இரண்டு இரண்டாம் சுற்று இடங்களையும் வாங்கிக்கொண்டது. கென்டக்கியில் அவருடைய சராசரி என்ன தெரியுமா? 14.4. நூப்பெலின் அதே 14.4. சீசன் தொடக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன். கையை விரித்தால் ஏழடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவசரமே படாமல் நடப்பது போல வளையத்துக்குப் போவார், காவலுக்கு நிற்பவன் மட்டும் வழுக்கி விழுவான். போன மாதம் தன் இப்போதைய அணியான ஓக்லஹோமா சிட்டிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார், லீக்கின் சிறந்த வீரரும் இந்த வருடம் அவர்தான்.

கல்லூரிப் புள்ளி ஏன் அப்படியே என்.பி.ஏ.வுக்கு வருவதில்லை என்று உங்கள் வாசகர்களில் சிலர் கேட்கலாம். ஆட்டமே வேறு என்பதுதான் பதில். கல்லூரியில் 40 நிமிடம், ஷாட் எடுக்க 30 விநாடி. என்.பி.ஏ.வில் 48 நிமிடம், 24 விநாடி. கல்லூரியில் உயரமான ஆள் வளையத்துக்குக் கீழே ஐயனார் மாதிரி ஆட்டம் முழுக்க நின்று காவல் காக்கலாம். என்.பி.ஏ.வில் எதிராளி யாரையும் காவல் காக்காமல் வளையத்துக்குக் கீழே கோடு போட்ட கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் நின்றால் விசில். அவன் வெளியே வந்து, பம்பரம் போலச் சுற்றுகிற குட்டைப் பையன்களோடு ஓடியாக வேண்டும். அதனால் நான் உயரமான பையனைப் பார்க்கும்போது முதலில் பார்ப்பது முழங்காலைத்தான். டிஃபென்ஸில் முழங்கால் மடங்குகிறதா? குதிகால் தரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, எழும்பியிருக்கிறதா? பக்கவாட்டில் நகரும்போது கால் பின்னுகிறதா? இதற்கு எந்தப் புள்ளி விவரமும் கிடையாது. போய் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

மரே ஸ்டேட் கல்லூரியின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர், வேறொரு பையனைப் பார்க்க ஒரு முகாமுக்குப் போன இடத்தில், பசிக்கிறது என்று சிப்ஸ் வாங்க எழுந்து போனார். பக்கத்துச் சின்னக் கூடத்தில் பந்து தட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். அங்கே ஒல்லியாக ஒரு பையன் மூன்று பேர் மூன்று பேராக ஆடிக்கொண்டிருந்தான். ஜா மொராண்ட். 2019 டிராஃப்டில் இரண்டாவது ஆள். அன்றைக்கு அந்தப் பயிற்சியாளர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எனக்கு இதையெல்லாம் சொல்ல என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கும் முன்னால் நானே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் மாவட்டப் போட்டிக்கு எங்கள் பள்ளி அணியைத் தேர்ந்தெடுக்க ஒரு சனிக்கிழமை 22 பையன்களை சிமெண்ட் கோர்ட்டில் இறக்கினேன். இரண்டு மணி நேரம். யார் எத்தனை கூடை போட்டார்கள் என்று எண்ணினேன். மாஸ்டர் எண்ணுகிறார் என்று பையன்களுக்குத் தெரியும், பாஸ் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், பந்து கைக்கு வந்தவன் எல்லாம் அடித்தான். ஒருவன் மட்டும் அடிக்கவில்லை. ஷாட் போகும்போதெல்லாம் எதிராளிக்கு முதுகைக் கொடுத்து, பின்னால் தள்ளி, இடம் பிடித்து நின்றான். பந்தைப் பெரும்பாலும் அவன்கூட எடுக்கவில்லை, அவன் பிடித்த இடத்தில் வேறு யாரோ எடுத்தார்கள். என் நோட்டில் அவன் பெயருக்கு நேரே 2 என்று இருந்தது. விட்டுவிட்டேன். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். எதிரணி தவறவிட்ட பந்தை அவர்களே எடுத்து, இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை என்று அடித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பையன் எங்களோடு பஸ்ஸில் வந்திருந்தான். தண்ணீர்க் குடத்தோடு கோட்டுக்கு வெளியே நின்றான். ஒவ்வொரு தடவை பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போதும் அங்கே நின்றபடியே அவன் கால் நகர்ந்து இடம் பிடித்ததை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அம்புக்குறி, முழங்கால், குதிகால் எல்லாம் என் நோட்டுக்கு வந்தன.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த ஜூனில் டிராஃப்ட் செய்தி போடும்போது "ஏலம்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். டிராஃப்ட் என்றே போடலாம், நம் வாசகருக்குப் புரியும். சராசரிப் புள்ளிக்குப் பக்கத்தில் வயதையும் ஃப்ரீ த்ரோ சதவீதத்தையும் சேர்த்தால் இன்னும் அரை வரிதான் கூடும். இடம் இல்லை என்றால் புள்ளியை எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் போடுங்கள்.

என் விசா ஆகஸ்டோடு முடிகிறது, ஊர் திரும்பிவிடுவேன். கல்லூரி சீசன் நவம்பரில்தான் தொடங்கும். சென்ட்ரல் கல்லூரி ஆட்டங்களுக்கு அப்பாவோடு போய் நோட்டில் குறித்து, பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகப் பேத்தி ஒத்துக்கொண்டிருக்கிறாள். அம்பு போடுவது தொல்லையாம், விழுந்ததை மட்டும் எண்ணினால் போதாதா என்கிறாள். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
தற்சமயம் டர்ஹம், வட கரோலினா
ஜூலை 2025